வாசலில் நிறுத்திய குழந்தை வண்டி

எனக்குத் தெரிந்த பயங்களில் பாதி டென்மார்க்கிலிருந்து வந்தவை. மீதிப் பாதி அம்மா கொடுத்தது.

அப்பாவைப் பெற்றவர்கள் டென்மார்க்காரர்கள். கல்யாணமான புதிதில் ஒரு மிஷன் பண்ணையில் மாடுகளைப் பார்த்துக்கொள்ள வந்தவர்கள், அந்த வேலை முடிந்த பிறகும் கப்பல் ஏறவில்லை. இந்தியக் குடியுரிமை வாங்கிக்கொண்டு, வேலூரை அடுத்த அணைக்கட்டு என்ற ஊரில் நிலம் பிடித்து, கிணறு வெட்டி, மாட்டுக் கொட்டகை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அப்பா இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, வேலூரில் நர்ஸாக இருந்த அம்மாவைக் கட்டிக்கொண்டார். நான் அச்சு அசல் அம்மா நிறம். தம்பி என்னைவிட ஒரு பிடி கூடக் கறுப்பு. எங்களை அப்பாவோடு பார்க்கிறவர்கள் ஒரு நிமிடம் யோசிப்பார்கள். தாத்தாவோடு பார்க்கிறவர்கள் ரொம்ப நேரம் யோசிப்பார்கள்.

தாத்தா என்று இங்கே எழுதுகிறேனே தவிர, வீட்டில் அப்படிக் கூப்பிட்டதில்லை. அப்பாவின் அப்பாவை அவர்கள் மொழியில் ஃபார்ஃபார் என்பார்கள், அப்பாவின் அம்மாவை ஃபார்மோர். நாங்களும் அப்படியே. ஊருக்கு அவர் தொரை, அவர் பெண்டாட்டி தொரையம்மா. அவர் தமிழ் கற்றது பால் கறக்க வந்தவர்களிடமும் ஏர் ஓட்டியவர்களிடமும். ஆகையால் முகம் ஒரு தேசம், வாய் ஒரு தேசம். "இன்னா கண்ணு, சோறு துன்னியா" என்று அவர் கேட்டால், புதிதாகக் கேட்பவர்கள் சிரித்துவிடுவார்கள்.

அவருக்குப் பயம் என்பதே கிடையாது. அதுதான் எனக்குப் பெரிய பயம்.

பள்ளி விடுமுறைக்கெல்லாம் அந்தப் பண்ணையில்தான் இருப்பேன். படுக்கையறை ஜன்னல்களை இரவும் பகலும் திறந்தே வைப்பார்கள். பாம்பு வரும் என்றால், வந்தால் போய்விடும் என்பார் ஃபார்ஃபார். கிறிஸ்துமஸுக்குச் சவுக்குக் கிளை ஒன்றை வெட்டி வந்து நடுக்கூடத்தில் நிறுத்தி, அதன் மேல் நிஜ மெழுகுவத்திகளைச் செருகி ஏற்றுவார்கள். பிறகு எல்லோரும் கை கோத்துக்கொண்டு, எரிகிற மரத்தைப் பாடிக்கொண்டே சுற்றி வரவேண்டும். அம்மா மட்டும் சுற்ற மாட்டாள். மூலையில் ஒரு பக்கெட் தண்ணீரோடு நின்றுகொண்டிருப்பாள். நான் பாடுவது ஒரு பக்கம், கண் அந்த பக்கெட் மேல் ஒரு பக்கம்.

இதெல்லாம் கூடப் பழகிவிட்டது. பழகாதது தம்பியின் வண்டிதான்.

தம்பி பிறந்தபோது எனக்குப் பத்து வயது. அம்மாவின் பிரசவ விடுப்பு முடிந்து மறுபடி ட்யூட்டிக்குப் போக வேண்டி வந்தது. அப்பாவுக்கு ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. கோடை விடுமுறை வந்ததும் என்னையும் தம்பியையும் பண்ணையில் விட்டார்கள். ஃபார்மோர் பரணிலிருந்து அந்த வண்டியை இறக்கித் துடைத்து வைத்திருந்தார். அப்பா குழந்தையாக இருந்தபோது கப்பலில் வந்த வண்டி அது. கருநீலத் தொட்டி, உயரமான சக்கரங்கள், மடக்குகிற கூரை. தொட்டி நான்கு தோல் வார்களில் தொங்கும். லேசாகத் தள்ளினால் போதும், தூளி மாதிரி ஆடும்.

வண்டியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதை எங்கே வைத்தார்கள் என்பதுதான். மத்தியானம் தம்பிக்குப் பால் கொடுத்ததும் ஃபார்மோர் அவனை வண்டியில் படுக்கப் போட்டு, கொசுவலை மூடி, தோட்டத்து மாமரத்தடியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு உள்ளே வந்து தன் வேலையைப் பார்ப்பார். தனியாக. பச்சைக் குழந்தையை, மரத்தடியில், தனியாக. அவர்கள் ஊரில் பனி கொட்டும்போது கூட அப்படித்தானாம். காற்றில் தூங்குகிற பிள்ளைக்குச் சளி பிடிக்காதாம். கடைக்குப் போனாலும் வண்டியைக் கடை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய் நிதானமாகச் சாமான் வாங்குவார்களாம், வாசல் முழுக்க வண்டிகள் வரிசையாக நிற்குமாம், உள்ளே பிள்ளைகள் தூங்குமாம். யாரும் எடுத்துக்கொண்டு போக மாட்டார்களா என்று கேட்டேன். எதற்கு எடுப்பார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

அம்மா சொல்லிப் பார்த்தாள். உன் புருஷன் அதே மரத்தடியில்தான் தூங்கி வளர்ந்தான் என்று பதில் வந்தது. மாமியாரிடம் அதற்கு மேல் பேச முடியாமல் அம்மா என் பக்கம் திரும்பினாள். கிளம்பும்போது கேட் அருகே என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அவங்க மாற மாட்டாங்கடி. நீதான் அவன பாத்துக்கணும், கண்ண எடுக்கக் கூடாது" என்றாள். பிறகு பஸ் ஏறிப் போய்விட்டாள். பத்து வயதுப் பெண்ணிடம் அப்படிச் சொல்லிவிட்டுப் போகலாமா என்று இன்றைக்கு எனக்குக் கோபம் வருகிறது. அன்றைக்கு நேராக மாமரத்தடிக்கு ஓடினேன்.

அன்று முதல் மத்தியானங்கள் எல்லாம் மாமரத்தடியில் கழிந்தன. கையில் ஒரு குச்சி. கிளையில் முசுறு எறும்புக் கூடு இருந்தது, அது விழுமோ என்று பயம். காக்கா வந்து வலையைக் கொத்துமோ என்று பயம். ஒரு நாள் சாரைப்பாம்பு ஒன்று வரப்பிலிருந்து இறங்கி, வண்டிச் சக்கரத்தை ஒட்டிக்கொண்டு போனது. குச்சி கையில்தான் இருந்தது, கைதான் என்னுடையதாக இல்லை. தம்பி வாயை லேசாகத் திறந்துகொண்டு சுகமாகத் தூங்கினான். அவனுக்கும் டென்மார்க் ரத்தம் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

அந்தக் கோடையில்தான் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற பேச்சு கிளம்பியது. எல்லோருடைய போனிலும், பிள்ளை பிடிக்க வந்தவன் என்று ஒருவரைக் கூட்டம் அடித்துப் போடுகிற வீடியோ. எங்கேயோ, எப்போதோ எடுத்தது. அதன் மேல் யாரோ தமிழில் பேசி, நம்ம பக்கம்தான், உஷார் என்று சேர்த்திருந்தார்கள். வெளியூர் ஆட்கள், பார்த்தால் நல்லவர்கள் மாதிரி இருப்பார்களாம், தமிழ் கூடக் கற்றுக்கொண்டு பேசுவார்களாம். இளைஞர்கள் தடியோடு ஊர் எல்லையில் உட்கார ஆரம்பித்தார்கள். பால் கறக்க வரும் அக்கா அந்த வீடியோவை எனக்கும் காட்டினாள். பார்க்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். பார்த்தேன். அதன் பிறகு குச்சியைப் படுக்கையிலும் வைத்துக்கொண்டேன்.

அந்த அக்கா ஃபார்ஃபாரிடமும் சொன்னாள். "தொரே, கொயந்த வண்டிய இட்டுனு ரோட்டுக்கு மட்டும் போவாத. காலம் சரியில்ல."

அவர் மாட்டுக்குத் தீவனம் கலந்துகொண்டே சிரித்தார். "நாப்பது வருஷமா இங்கதான் கீறேன். என்ன யாரு இன்னா கேட்டுடுவாங்க?"

எங்கள் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள், வாஸ்தவம். அணைக்கட்டு பஜாரில் அவரைத் தெரியாத நாய் கிடையாது. ஆனால் அவர் மனசில் அந்த ஊருக்கு எல்லையே இல்லை. பஸ் போகிற இடமெல்லாம் தன் ஊர் என்று நினைத்துவிட்டார்.

ஒரு நாள் வண்டியின் தோல் வார் ஒன்று அறுந்தது. ஆம்பூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரில், தோல் பை, பெல்ட் தைக்கிற பாய் ஒருவர் இருக்கிறார், அவர்தான் நன்றாகத் தைப்பார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஃபார்மோருக்கு அன்று காய்ச்சல். குழந்தையை அவர் பக்கத்தில் விடாதீர்கள் என்று அம்மாவே போனில் சொல்லிவிட்டாள். ஆகவே ஃபார்ஃபார் பழைய ஜீப்பின் பின்னால் வண்டியைக் கட்டி, தம்பியை என் மடியில் போட்டு, பால் பாட்டிலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஆம்பூர் சாலையில் போகப் போக ஜன்னல் வழியே தோல் வாடை ஏறியது. எனக்கு அந்த வாடை பிடிக்காது. அன்று அது பிடிக்காததையே மறந்துவிட்டேன். எதிரே பைக்கில் போகிறவர்கள் எல்லாம் எங்களைத் திரும்பிப் பார்ப்பதாகத் தோன்றியது.

பாய் நல்ல மனிதர். அறுந்த வாரைப் பார்த்துவிட்டு, ஒன்று போனால் மற்றதும் போகும் என்று நான்கையும் புதிதாக வெட்டித் தைத்து மாட்டினார். தம்பியை உள்ளே படுக்கப் போட்டு ஆட்டிக் காட்டினார். ஆட்டிய ஆட்டத்தில் அவன் தூங்கியே போனான். ஃபார்ஃபாருக்கு முகமெல்லாம் சந்தோஷம். இனி காப்பி குடித்துவிட்டுப் போகலாம் என்றார். மாலைக் காப்பி இல்லாமல் அவர் ஒரு நாளும் இருந்ததில்லை. வானம் இடிந்து விழுந்தாலும் காப்பியைக் குடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்ப்பார்.

தெருவின் மறு கோடியில், பஸ் நிற்கும் இடத்தில் ஒரு ஓட்டல். வாசலில் வேப்பமரம். ஃபார்ஃபார் வண்டியை அந்த நிழலில் நிறுத்தி, பிரேக்கைப் போட்டு, வலையைச் சரி செய்தார். பிறகு என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

நான் இங்கேயே நிற்கிறேன் என்றேன். வேண்டாம், வா, பரோட்டா சாப்பிடு என்றார். தம்பியையும் உள்ளே கொண்டுபோகலாம் என்றேன். உள்ளே அடுப்புப் புகை, தூங்குகிற பிள்ளைக்குக் காற்று வேண்டும் என்றார். "ஜன்னல்ல இருந்து பாத்தா தெரியுது கண்ணு. இன்னாத்துக்கு பயம்?"

ஜன்னலுக்கு நேராக உட்கார்ந்தேன். பரோட்டா வந்தது. நான் தொடவில்லை. அம்மா கண்ணை எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள், எடுக்கவில்லை.

ஷூ கம்பெனி பஸ் ஒன்று வந்து நின்றது. கழுத்தில் அட்டையும் கையில் டிபன் பையுமாகப் பெண்கள் இறங்கினார்கள். அதில் ஒருத்தி, அம்மா வயது இருக்கும், வண்டியைப் பார்த்து நின்றாள். குனிந்தாள். வலையைத் தூக்கினாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரையோ ஏதோ கேட்டாள். அங்கே நின்றவர்கள் எல்லாம் தெரியாது என்று தலையை ஆட்டினார்கள். அவள் டிபன் பையைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியை எடுத்துத் தோளில் போட்டாள்.

"ஃபார்ஃபார், எடுத்துட்டாங்க" என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். கொஞ்சுகிறாள், கொஞ்சட்டும் என்றார். மீதிக் காப்பியையும் குடித்தார்.

நாங்கள் வெளியே வருவதற்குள் அங்கே கூட்டம். ஆண்கள் வந்துவிட்டார்கள். பிள்ளையைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று ஒரு குரல். இல்லை, பிடித்து வந்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று இன்னொரு குரல். ஃபார்ஃபார் சிரித்த முகத்தோடு நேராகப் போய், "என் பேரன்தாம்மா, குடு" என்று இரண்டு கைகளையும் நீட்டினார்.

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். தம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பேரனா?" என்றான் ஒருவன். "இதுவா? உனக்கா?"

ஃபார்ஃபார் தமிழில் பதில் சொன்னார். அது கெடுதலாகப் போனது. வெள்ளைக்காரன் இப்படித் தமிழ் பேசுவானா, வீடியோவில் சொன்னது இதைத்தானே என்றார்கள். அம்மாவுக்குப் போன் போட்டார், வார்டில் இருக்கும்போது அவள் எடுக்க மாட்டாள். அப்பாவுக்குப் போட்டார், கம்பெனி கேட்டிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். கடைசியில் ஃபார்மோருக்குப் போட்டார். அவர் எடுத்தார். ஃபார்ஃபார் பதற்றத்தில் டேனிஷில் பேசிவிட்டார். "பாத்தியா, ஆளுங்களக் கூப்புடறான்" என்று ஒருவன் போனைப் பிடுங்கினான். இன்னொருவன் சட்டைக் காலரைப் பிடித்தான். கண்ணாடி கீழே விழுந்தது. யாருடைய காலோ அதன் மேல் ஏறியது. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.

அப்போதுதான் யாரோ என்னைக் கவனித்தார்கள். "டேய், இந்தப் பொண்ணையும் புடிச்சிக்னு வந்திருக்கான்டா."

ஒருவர் என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். நல்ல குரல். "பயப்படாதம்மா. நாங்க கீறோம். இந்தாளு யாரு, சொல்லு."

தாத்தா என்று சொன்னேன். சொன்னேனா என்று எனக்கே நிச்சயமில்லை. பல் கிட்டிப்போய், முட்டி இரண்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. நான் நடுங்குவதைப் பார்த்துவிட்டு அவர் எழுந்து மற்றவர்களிடம் சொன்னார்: "கொயந்த எப்டி நடுங்குது பாரு. மெரட்டி, தாத்தான்னு சொல்லிக் குடுத்து வெச்சிக்கிறான்."

என் பயமே ஃபார்ஃபாருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. எனக்கு அது புரிந்தது. பயப்படக் கூடாது, பயந்தால் இவரை அடித்துவிடுவார்கள் என்று புரிந்தது. புரியப் புரிய இன்னும் அதிகமாக நடுங்கினேன். அந்த வீடியோவில் கடைசியில் தரையில் கிடந்தவரின் செருப்பு எனக்கு ஞாபகம் வந்தது. ஃபார்ஃபாரின் செருப்பைப் பார்த்தேன். ஒன்று காலில் இல்லை.

ஒருவன் கையை ஓங்கினான். ஃபார்ஃபார் தடுக்கவில்லை, குனியவும் இல்லை. கண்ணாடி இல்லாத கண்களால் என்னைத் தேடி, சிரிக்க முயன்றார். "ஒண்ணும் இல்ல கண்ணு" என்றார்.

ஒன்றும் இல்லையாம். எனக்குள் என்னவோ அறுந்தது. கூட்டத்தின் கால்களுக்குள் புகுந்து போய் அவர் வயிற்றில் இரண்டு கையாலும் குத்தினேன்.

"நான் அப்பவே சொன்னேன்ல? வெளிய வுடாத, வெளிய வுடாதன்னு எத்தினி வாட்டி சொன்னேன்? கேக்கவே மாட்டியா நீ? எல்லாத்துக்கும் காத்து, காத்து. காப்பி ஒண்ணு கொறச்சல் உனக்கு. அம்மா வரட்டும், உன்ன இன்னா பண்றேன் பாரு. இனிமே தம்பிய தொட்டா பாரு நீ."

அழுகிறேன், குத்துகிறேன், மூக்கு ஒழுகுகிறது, நிறுத்த முடியவில்லை. கிறிஸ்துமஸ் மெழுகுவத்தியிலிருந்து திறந்த ஜன்னல் வரை அத்தனையையும் சேர்த்துத் திட்டினேன். ஃபார்ஃபார் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதான் கண்ணு, தப்புதான்" என்று சொல்லிக்கொண்டே நின்றார்.

சுற்றிலும் சத்தம் அடங்கிவிட்டதை நான் கொஞ்சம் கழித்துத்தான் உணர்ந்தேன். தம்பியை வைத்திருந்த அந்தப் பெண் முன்னால் வந்து, ஓங்கியிருந்த கையைத் தட்டிவிட்டாள்.

"கைய எடுடா. புடிச்சிக்னு வந்தவன எந்தக் கொயந்த இப்டித் திட்டும்? இது பேத்திதான்."

காலரைப் பிடித்திருந்தவன் விட்டான். போன் கை மாறித் திரும்பி வந்தது. இரண்டு பேர் செருப்பைத் தேடினார்கள். தெருக் கோடியிலிருந்து தைக்கிற பாய் ஓடி வந்து, இன்னா பேஜார் பண்ணி வெச்சிருக்கீங்க என்று எல்லோரையும் ஏசினார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அந்தப் பெண் தம்பியை ஃபார்ஃபாரிடம் கொடுக்கவில்லை. என் கையை விரித்து, என்னிடம் கொடுத்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, கோபம் இல்லாமல், நிஜமாகவே புரியாமல் கேட்டாள்: "பெரியவரே, பச்சக் கொயந்தய யாருனா இப்டி ரோட்ல வுட்டுட்டுப் போவாங்களா?"

"எங்க ஊர்ல..." என்று ஆரம்பித்தார் ஃபார்ஃபார். அதோடு நிறுத்திவிட்டார்.

எங்க ஊரு என்று அவர் சொன்னால் அது அணைக்கட்டு. அதுவரை வேறு எதையும் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஜீப்பில் ஏறியதும் சாவியைப் போட முயன்றார். துவாரம் அகப்படவில்லை, குத்திக் குத்திப் பார்த்தார். சாவியைத் தொடையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பாம்புக்குப் பயப்படாதவர், தீக்குப் பயப்படாதவர். இவரே பயந்தால் இனி யார் பயப்படாமல் இருப்பது என்று எனக்குத் திகிலாக இருந்தது. தம்பி பால் பாட்டிலைச் சப்பிக்கொண்டு என் மடியில் கிடந்தான்.

ராத்திரி அம்மா வந்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். கிழிந்த காலரையும் கழுத்தில் இருந்த நகக்கீறலையும் பார்த்தாள். பஞ்சும் மருந்தும் எடுத்து வந்து மாமனாரை நாற்காலியில் உட்கார வைத்துத் துடைத்தாள். ஃபார்மோர் காய்ச்சலோடு எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் வண்டி கூடத்துக்கு வந்தது. படுக்கையறை ஜன்னல்களை ஃபார்ஃபாரே ஒவ்வொன்றாகச் சாத்திக் கொண்டி போட்டார். நான் ஆசைப்பட்டதெல்லாம் நடந்தது. எனக்கு அழுகைதான் வந்தது. தம்பி வீட்டுக்குள் தூங்கவே மாட்டேன் என்று அடம் பிடித்தான்.

இப்போது நான் கல்லூரியில் படிக்கிறேன். ஃபார்ஃபாருக்குத் தள்ளாமை வந்துவிட்டது, கண்ணிலும் புரை. பரிசோதனைக்கு அவரை வேலூருக்கு நான்தான் கூட்டிப் போகிறேன், பள்ளி இல்லாத நாட்களில் தம்பியும் வருவான். வீட்டில் அவர் இன்றும் ஃபார்ஃபார்தான். கேட்டைத் தாண்டியதும் தாத்தா. பஸ் ஸ்டாப்பில், ஷேர் ஆட்டோவில், ஆஸ்பத்திரி வரிசையில், நாலு பேர் காதில் விழுகிற மாதிரி அதட்டுவேன். "தாத்தா, பாத்து ஏறு. தாத்தா, கைய உள்ள வை. சொன்னா கேக்க மாட்டியா தாத்தா நீ." சொல்லிவிட்டுச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களின் முகங்களைப் பார்ப்பேன். யாராவது சிரித்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

போன மாதம் ஆட்டோவில் தம்பிக்குப் பொறுக்கவில்லை. "ஏன்க்கா இப்டிக் கத்தற? அவருக்குக் காது நல்லாத்தானே கேக்குது" என்றான். அவனுக்கு என்ன தெரியும். அன்றைக்கு அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

எதிரில் உட்கார்ந்திருந்த ஆள் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபார்ஃபார் அதைக் கவனித்தார். என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, தம்பியிடம் மெதுவாகச் சொன்னார்: "அவ திட்டட்டும்டா. நிறுத்தச் சொல்லாத."